மலைக்காளிக்குக் கொடுத்த முடி

மீசையில் கை வைக்கவேண்டாம் என்று பூமாலை சொன்னான். மீசையும் போனால் அப்பன் செத்த மொட்டை. மீசை இருந்தால் சாமி மொட்டை.

"எனக்கே சொல்றியா நீ?" என்றார் சலூன்காரர்.

இளவரசன் மோட்டார் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நெல் வயல். களமருதூரில் ஒரு கண்ணும் பார்க்கக்கூடாது என்றுதான் இந்த இடம். சலூன்காரரைக்கூட உளுந்தூர்பேட்டையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். உள்ளூர் ஆள் என்றால் பொழுது சாய்வதற்குள் சேதி தெருவெல்லாம் போய்விடும்.

"சீக்கிரம் முடிங்க."

"இருக்கறதே கம்மி தம்பி. அஞ்சு நிமிசம்."

பூமாலை சிரித்தான். அவன் இளவரசனின் அக்காவைக் கட்டியவன். கள்ளக்குறிச்சியில் மனை, வீடு, பழைய வண்டி என்று எதையும் பேசி விற்றுக் கொடுப்பான். இந்த யோசனையும் அவனுடையதுதான்.

இளவரசனுக்கு இருபத்தேழு வயது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறான். இருபத்திரண்டில் நெற்றியின் இரண்டு பக்கமும் உள்ளே போனது. பிறகு உச்சி. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். நாறியது, வளரவில்லை. ஸ்பிரே வாங்கி எட்டு மாதம் அடித்தான். கொட்டுவது நின்ற மாதிரி இருந்தது. அறுப்புக் காலத்தில் மெஷினோடு தஞ்சாவூர்ப் பக்கம் போனவன் இரண்டு மாதம் விட்டுவிட்டான். நின்றதெல்லாம் சேர்ந்து கொட்டியது. தோல் டாக்டர் அவன் தலையைப் பார்ப்பதற்கு முன்பே, கூடப் போயிருந்த அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டார். அப்புறம் இவன் தலைக்கு அவர் அதிக நேரம் செலவழிக்கவில்லை.

இரண்டு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. முதல் வீட்டில், பையனுக்கு வயது ஜாஸ்தி போல என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணின் தாய்மாமன் பூமாலையைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டாம் தாரமாங்க?" என்று கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா பாப்பாத்தி ஆறு மாதம் அழுதாள். அந்த அழுகை நின்றால் போதும் என்று இளவரசனுக்கு ஆனபிறகு பூமாலை வாயைத் திறந்தான்.

"மொட்டை போட்டுட்டா எல்லாத் தலையும் ஒரே தலைதான் மச்சான். வேண்டுதல்னு சொல்லிடுவோம். சாமி காரியத்த எவன் கேள்வி கேப்பான்?"

"வளந்தா தெரியாதா மாமா?"

"பேசி முடிச்சிடுவோம். அதுக்கு மேல எவன் உன் தலைய மோந்து பாக்கறான்?"

கத்தி உச்சியில் ஓடியது. கொட்டகை வாசலில் அப்பா கண்ணாயிரம் நின்றிருந்தார். வெயிலில் அவர் தலை பளபளத்தது.

"எனக்கு இருபத்தஞ்சிலயே போச்சி. எவ வேணாம்னு சொன்னா?"

"எங்கப்பன் உன் நெலத்தப் பாத்துக் குடுத்தான். தலைய எங்க பாத்தான்?" என்றாள் பாப்பாத்தி. "வாய மூடிக்கினு அந்தாண்ட போ."

இளவரசன் தரையைப் பார்த்தான். விழுந்திருந்தது ஒரு கைப்பிடி தேறாது. அதற்கு இத்தனை பேர்.

மூன்றாவதாகப் பார்க்கப் போன பெண் தேவிப்ரியாவின் வீடு கச்சிராயபாளையத்தைத் தாண்டி, அடிவாரத்தில். கொல்லைக் கதவைத் திறந்தால் கல்வராயன் மலை. களமருதூர்க்காரர்களுக்கு அந்த மலை உலகத்தின் கடைசி. இவர்களுக்கு அது ஒரு பஸ் தூரம். பூமாலை இதை யோசிக்கவில்லை.

பெண்ணின் அப்பா அன்புச்செல்வன் சந்தனம் பூசிய தலையைப் பார்த்தார்.

"எந்தக் கோயிலுங்க?"

பக்கத்துக் கோயிலைச் சொன்னால் யாராவது விசாரிப்பார்கள். பூமாலை தூரமாக ஒன்றைப் பிடித்தான். நாலு வருடத்துக்கு முன் கூட்டாளிகளோடு அருவிக்குப் போனபோது காட்டுக்குள் ஒரு சின்னக் கோயிலைப் பார்த்திருந்தான்.

"கரியாலூருக்கும் மேலங்க. காட்டுக்குள்ள. மலைக்காளி."

காப்பித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா தைலம்மாள் நின்றுவிட்டாள்.

"நம்ம மலைக்காளியா? இத்தினி வருசமா இங்க இருக்கேன், நான்கூடப் போனதில்லீங்க. அங்க மொட்டை போடுவாங்களா?"

"பயங்கர சக்திங்க," என்றான் பூமாலை.

"கல்யாணம் நல்லபடியா அமையணும்னு அவனே நேந்துக்கினாங்க," என்றாள் பாப்பாத்தி. "நாங்க யாரும் சொல்லல. அவனேதான்."

இளவரசன் வாயைத் திறந்தான். கதவோரம் தேவிப்ரியா நின்றிருந்தாள். அவன் தலையையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்திருந்தாள். கேலி இல்லை. பிடித்துப்போன சிரிப்பு. அவன் தலையைப் பார்த்து எந்தப் பெண்ணும் அப்படிச் சிரித்ததில்லை. திறந்த வாயில் காப்பியை ஊற்றிக்கொண்டான்.

டம்ளரை வாங்கக் குனிந்தபோது தைலம்மாளின் கொண்டை அவிழ்ந்தது. முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. அவள் கூச்சத்தோடு ஒரே கையால் சுருட்டி முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

கடைசியில் அன்புச்செல்வன் சொன்னார்.

"பொண்ணுக்குப் புடிச்சிருக்குங்க. எங்களுக்கும்தான். ஆனா எங்க வகையறாவுல மொட்டைத் தலையோட மாப்புள்ளைய மணையில உக்கார வைக்க மாட்டோம். முடி வளரட்டும். தையில பரிசம் போட்டுக்கலாம்."

திரும்பும்போது கார் தியாகதுருகத்தைத் தாண்டியது.

"நல்ல திட்டம் மாமா," என்றான் இளவரசன். "முடி வளரட்டும்னு காத்துக்கினு இருக்காங்க. இன்னாத்த வளக்கறது நான்?"

"கத்தாத. அஞ்சு மாசம் இருக்குது. யோசிக்கலாம்."

"காளி எதுக்கு வந்தா நடுவுல?"

"எடம் கேட்டா எதனா சொல்ல வேணாமா?"

"வண்டிய நிறுத்து."

"டேய்," என்றாள் பாப்பாத்தி.

"நிறுத்துன்னு சொல்றேன் இல்ல!"

இறங்கி பஸ்ஸில் வீடு வந்தான். பஸ்ஸில் ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். எந்தக் கோயில் என்று கேட்டார். இளவரசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்து நாளில் தெரிந்துவிட்டது. காதுகளுக்கு மேலேயும் பிடரியிலும் கருகருவென்று முளைத்தது. நெற்றியும் உச்சியும் வெறும் தோல். முன்பு அங்கே இருந்த பூனைமுடிகூட இப்போது கண்ணில் படவில்லை. வெளியே போனால் தொப்பி போட்டான்.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வாரா வாரம் வழித்துக்கொள், மூன்று மொட்டை நேர்ந்துகொண்டதாகச் சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. பாண்டிச்சேரியில் ஒட்டு முடி வைக்கிறார்கள், குளித்தாலும் வராதாம் என்றான் பூமாலை. அக்கா ஜெயசுதா போன் போட்டாள்.

"பின்னாடி இருக்கறதப் புடுங்கி முன்னாடி நடறாங்களாம்டா."

"நம்மூர்லயே நடவு ஆளுங்க இருக்காங்க. வரச் சொல்லு," என்று போனை வைத்தான்.

தேவிப்ரியா கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவாள்.

"இன்னா சாமியாரே, முளைச்சிதா?"

"முளைக்குது."

"போட்டோ அனுப்புங்க."

"தையில நேர்ல பாத்துக்க."

"ரொம்பத்தான் பண்றீங்க." சிரிப்பாள். "இன்னிக்கும் ஒருத்தர் வந்தாருங்க. முடி மருந்துக்கு. கடையில இருந்த ஆளுங்கெல்லாம் போற வரைக்கும் தள்ளி நின்னுக்கினு இருந்தாரு. அப்புறம் வந்து பேரச் சொல்லாம செல்லுல படத்தக் காட்றாரு. நாங்க இன்னா கஞ்சாவா விக்கறோம்?"

இளவரசன் சிரித்தான். சிரித்து முடித்ததும் போனைச் சேற்றில் எறியலாம் போல் இருந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நானும் அப்படி நின்றிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவைத் திட்டினான். போனில் பூமாலையைத் திட்டினான். மறுநாள் மதியம் தேவிப்ரியா பேசினாள். மறுபடி சொல்லவில்லை. மறுபடி வீட்டில் கத்தினான். சாப்பாட்டுத் தட்டு சுவரில் மோதி நெளிந்தது. இப்படியே நாற்பது நாள் போனது.

திருநாவலூர்ப் பக்கம் ஒரு வயலில் அறுத்துக்கொண்டிருந்தபோது போட்டோ வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண். வாயை மூடிச் சிரிக்கிறாள். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே எழுதியிருந்தது: உங்க மாமியாரு. இப்ப ரெண்டு பேரும் ஜோடி.

மெஷினை நிறுத்தினான்.

"இன்னாபா, நடு வயல்ல நிறுத்திட்ட?" என்று வரப்பிலிருந்து வயல்காரர் கத்தினார். இளவரசன் தேவிப்ரியாவைக் கூப்பிட்டான்.

"எனக்கே தெரியாதுங்க. நேத்து காலையில பஸ்ஸேறிப் போயிருக்காங்க. மாப்புள்ளையே தலைய குடுத்துருக்காரு, பொண்ணப் பெத்தவ நான் சும்மா இருந்தா எப்படின்னு. அங்க பூசாரி கருப்பண்ணன்னு ஒரு மலைக்காரரு. இங்க யாரும் மொட்டை போடறதில்லம்மா, பொங்க வச்சிட்டுப் போன்னு சொல்லியிருக்காரு. எங்கம்மா வுடுவாங்களா? எங்க மாப்புள்ள இங்கதான் போட்டாரு, நீ பொய் சொல்றன்னு அவருகிட்ட சண்ட. கடைசில கரியாலூர்ல இருந்து கத்தியோட ஆள வரவச்சி..."

சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவளின் குரல் ஓரிடத்தில் உடைந்தது.

"பெரிய பின்னலுங்க அது. சின்ன வயசுல அதப் புடிச்சிக்கினுதான் தூங்குவேன்."

வீட்டு வாசலில் பூமாலையின் கார் நின்றது. இளவரசன் உள்ளே போய், போட்டோவை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினான். நடந்ததைச் சொன்னான். பாப்பாத்தி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சாமிக்குத்தான குடுத்தாங்க," என்றாள். "புண்ணியம்தான."

"எந்த சாமிக்கு? நீங்க ரெண்டு பேரும் அந்த வூட்டுக் கூடத்துல உக்காந்துக்கினு கட்டிவுட்ட சாமிக்கா?"

"வார்த்தைய அளந்து பேசு."

பூமாலை போட்டோவை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"இது நல்லதுக்குத்தான் மச்சான். அவங்க தலையே போன பிறகு இனி எப்படிப் பின்வாங்குவாங்க? உன் தலையப் பாத்தாலும் வாயத் தொறக்க முடியாது. முடிஞ்சிச்சி."

இளவரசன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். பித்தான்கள் தெறித்தன. அலமாரியில் இருந்த சாமான்கள் உருண்டன. பாப்பாத்தி நடுவில் விழுந்து பிரித்தாள்.

"நீ போய்ச் சொன்னா நான் கெணத்துல வுழுவேன்," என்றாள். "நான் வுழுந்த பிறகு எவளையாவது கட்டிக்கினு வா."

"வுழு."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். ஆனால் நிற்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கள்ளக்குறிச்சி வரைக்கும் கூட இல்லாத பூமாலையிடம் கத்திக்கொண்டே போனான். ஹெல்மெட்டுக்குள் அவன் குரல் அவனுக்கே திரும்பியது. கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் யாரிடம் கத்துவது என்று தெரியவில்லை.

தைலம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். முந்தானை தலையை மூடியிருந்தது.

"வாங்க மாப்புள்ள. சொல்லாம கொள்ளாம..." எழுந்தாள். "தேவி! யாரு வந்துருக்கறது பாரு."

தேவிப்ரியா வந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். இளவரசன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

இருவரும் பார்த்தார்கள். காதோரம் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. மேலே ஒன்றும் இல்லை. வேர்வையில் உச்சி மின்னியது. இரண்டு மாதம் அவன் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான். அது ஒரு கணம்கூட நீடிக்கவில்லை.

"இதானா?" என்றாள் தேவிப்ரியா. "இதுக்கா போட்டோ அனுப்பல? நான் ஒரு நாளைக்குப் பத்து பேருக்கு இந்த மருந்த எடுத்துக் குடுக்கறேன். இன்னாங்க நீங்க?"

அவள் கிட்டத்தட்ட சிரித்துவிட்டாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். அது இளவரசனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அத்தை," என்றான். "நான் எந்தக் கோயில்லயும் மொட்டை போடல. எங்க மோட்டார் கொட்டாயில வச்சி வழிச்சாங்க. வழுக்கைய மறைக்க. மலைக்காளி கோயில நான் பாத்ததுகூட இல்ல."

தைலம்மாள் புரியாதவள் போல நின்றாள். பிறகு அவள் கை முந்தானைக்குள் போய்த் தலையைத் தொட்டது.

"எங்கம்மாவும் மாமாவும் சொன்ன பொய்," என்றான் அவன். "எனக்கு அப்பவே..."

"அவங்க சொன்னாங்க," என்றாள் தேவிப்ரியா. "நீ இன்னா சொன்ன?"

அவள் பேச்சில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"தேவி..."

"பேரச் சொல்லாத. தெனமும் பேசினியே, ஒரு நாள் வுடாம. நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"எங்கம்மா மலைக்குப் போனாங்களே, அதுக்கு மொத நாளும் பேசின. சாப்ட்டியா, தூங்கினியா. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தத் தலை இருந்துருக்கும். வழுக்கைன்னா நான் வேணாம்னு சொல்வேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்னைய ஒரு வார்த்த கேட்டியா? என்னைய இன்னான்னு நெனச்ச?"

"பயமா இருந்துச்சி."

"உனக்குப் பயம். அதுக்கு எங்கம்மா முடியா?"

தன் வீட்டில் அவனுக்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. எல்லாம் பூமாலையைப் பற்றியவை, அம்மாவைப் பற்றியவை. இங்கே ஒன்றும் செல்லாது.

தைலம்மாள் மெதுவாகத்தான் பேசினாள்.

"முடி போவட்டும். அது நான் குடுத்தது. அந்தப் பூசாரிய நான் இன்னா பேச்சு பேசிட்டு வந்தேன் தெரியுமா? இங்க வழக்கமில்லம்மான்னு அந்த மனுசன் கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னாரு. பொய் சொல்றியேடா, உன் நாக்கு அழுவிப் போவும்னு சொல்லிட்டு வந்தேன். சாமி முன்னாடி நின்னுக்கினு சொன்னேன்."

"நான் போறேன் அத்தை. நான் போய் அவருகிட்ட..."

"நீ எங்கயும் போவ வேணாம். நான் பேசினது. நானே போய்க்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். கிழங்கை எடுக்கவில்லை.

"எங்கப்பா கொல்லையில இருக்காரு," என்றாள் தேவிப்ரியா. "அவரு வர்றதுக்குள்ள போயிடு. வந்தா வெட்டுக் குத்தாயிடும். அது வேற ஊரு சிரிக்கணுமா?"

"தை மாசம்..."

"தையில இன்னா? உனக்கு வளராதது எங்கம்மாவுக்கு வளந்துடுமா? அந்த நீளத்துக்கு வளர எத்தினி வருசம் ஆவும் தெரியுமா உனக்கு? அத நான் தெனமும் பாத்துக்கினு, உன்கூடவும் வாழணுமா?"

வேலிக்கு அப்பால் சருகு மிதிபட்டது. புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள். அடுத்த வீட்டு இருசம்மாள். கட்டை இறக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"யாரு தைலா வந்துருக்கறது? மாப்புள்ள வூட்டு ஆளா? சத்தமா இருக்குதே."

தைலம்மாள் முந்தானையை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டாள். இளவரசனைப் பார்க்கவில்லை.

"இல்லக்கா. வழி கேட்டு வந்தவரு."

இருசம்மாள் அவன் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்று சந்தனம் பூசிய மொட்டையைத்தான் அவள் பார்த்திருந்தாள். இவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங்க போவணும் தம்பி?"

தேவிப்ரியா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"களமருதூருங்க," என்றான் இளவரசன்.

"அது எங்க இருக்குது?"

"உளுந்தூர்பேட்டைப் பக்கம்."

"அடேங்கப்பா! எங்க வந்து மாட்டிக்கினு நிக்கற நீ!" புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். முழங்கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "இதே மண் ரோட்டுல திரும்பிப் போ. ஒரு ஆலமரம் வரும். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா மலைக்குப் போயிடுவ, அங்க போவாத. பீச்சாங்கைப் பக்கம். கச்சிராயபாளையம் வரும். கடைத்தெருவுல யாரையும் கேக்காத, தப்புத் தப்பாச் சொல்வானுங்க. நேராப் போனா கள்ளக்குறிச்சி. அப்புறம் தியாகதுருகம். பெரிய ரோடு, வுட்டுடாத..."

அந்த ரோட்டில் எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது என்பதுவரை இளவரசனுக்குத் தெரியும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வழி கேட்டு வந்தவனைப் போலவே, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டான்.